நகல் எடுத்தவன்

1909 ஜூலை 20, செவ்வாய்

ஆடிக் காற்று. சாத்தின ஜன்னல் திறந்து அடித்து, மேஜையில் இருந்த பரீட்சைத் தாள் எல்லாம் தெருவில். கொக்கி வாங்க வேண்டும்.

நான்காம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு. பையன்களுக்கும் ஏறவில்லை, எனக்கும் ஓடவில்லை. சனிக்கிழமை கொட்டகையில் கேட்ட சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

'நாயுருவி நேசன்' நாடகத்தை எழுதியது நான் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சங்கரலிங்கம் பிள்ளை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில் நாடக சபா நடத்துகிற வக்கீல் குமாஸ்தா. மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் நாடகம் பார்த்தாலே விசாரணை. எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகையால் நோட்டீஸில் 'ஓர் நேசரால் இயற்றப்பட்டது' என்று மட்டும் போட்டார். எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் மறைத்த முதல் காரியம்.

இன்னொருவன் அ.நா. அருமைநாயகம் என்று முழுப்பேர் எழுதக் கை வரவில்லை. ஜில்லா கோர்ட்டில் நகல் எழுதுகிறான். பதினாலு வருஷச் சிநேகம். நாடகமே அவனைப் பற்றித்தான், நாயுருவி முள்போல் ஒட்டிக்கொள்கிற நேசமுத்து அவன்தான். அது அவனுக்குத் தெரியாது; சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏன் எழுதினாய் என்றால் மூச்சு முட்டியது என்றுதான் சொல்வேன். காலையில் நான் பல் விளக்கும்போதே வாசலில் நிற்பான். பள்ளிக்கூடம் வரை கூட வருவான். மாலையில் கேட்டருகே காத்திருப்பான். நான் கறுப்புக் கோட்டு தைத்தால் அடுத்த வாரம் அவனுக்கும் கறுப்புக் கோட்டு. கல்யாணமாகி நானும் எஸ்தரும் அவள் ஊருக்கு முதல்முதலாக வண்டி கட்டினோம். வண்டிக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கால் தொங்கியது. அவனுக்குத் தூத்துக்குடிக்குப் பெரிய உத்தியோகமாக மாற்றல் வந்தது, வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டான். "அங்கன நீ இல்லியே மாசி" என்றான். மாசி என்றுதான் என்னைக் கூப்பிடுவான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது தனியே இருக்க ஆசைப்பட்டு அறைக்கதவைச் சாத்தினேன். அந்த ஒரு மணி நேரத்திலும் அவனைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21, புதன்

தூசி. இடது கண் சிவந்துவிட்டது. தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்று பக்கத்து வீட்டம்மாள். யாரிடம் போய்க் கேட்பது?

மாலை அ.நா. ஒரு நோட்டோடு வந்தான். நாடகம் பார்த்தவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று மூன்று நாளாக ஊர் சுற்றிக் கேட்டு எழுதியிருக்கிறான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. எனக்காகத்தான். "எழுதினவனுக்குத் தெரிய வேண்டாமா லே?" சாட்சி இன்னார், வாக்குமூலம் இன்னது என்று கோர்ட்டு முறையில் வரிசையாக. சிலவற்றை இங்கே எடுத்து வைக்கிறேன்.

1. முத்திரைத்தாள் விற்கிறவர், கோர்ட்டு வாசல். "வயிறு புண்ணாப் போச்சு. அந்த நேசமுத்துப் பயல முதல் அங்கத்துலயே ஆத்துல தள்ளியிருக்கணும்."

2. உவரிக் கருவாட்டு வியாபாரி. "எங்க ஊருல இப்படி ஒருத்தன் இருந்தா கட்டுமரத்துல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருப்போம். திரும்பக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டோம்."

3. நாங்குநேரிக்காரர், கோயில் மடப்பள்ளியில் வேலை. "நேசமுத்து கிறுக்கன் இல்ல. கூட இருக்கானே, அவனுக்குத்தான் கல்லு மனசு."

4. சோடாக்கடைக்காரர். "அம்மா செத்தத மறந்துட்டு நிக்கானே மூணாவது அங்கத்துல, அங்கனதான் அடக்க முடியல."

5. ஜட்கா வண்டிக்காரர். "கடைசியில அவன் செத்தானா, தூங்குதானா? யாரும் சொல்ல மாட்டேங்காவ."

6. தபால் ஆபீஸ் குமாஸ்தா. "எழுதினவன் யாரோ, நல்லா அனுபவிச்சவன்."

ஒவ்வொன்றையும் வாசித்து அவனே சிரித்தான். உவரிக்காரர் சொன்னதை இரண்டு தடவை வாசித்தான். "கூட்டிட்டு வந்திருக்க மாட்டோமாம்! எப்படி லே!" நானும் சிரித்தேன். என்ன மனுஷன் நான்.

எஸ்தர் மோர் கொண்டுவந்தாள். சட்டென்று நோட்டைக் கவிழ்த்து வைத்தான். ரகசியம் காப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஜூலை 23, வெள்ளி

காற்று அடங்கி இரண்டு தூறல். கண் தேவலை. ஜன்னல் கொக்கி வாங்கவில்லை.

மூன்றாம் அங்கம் உறுத்துகிறது. நடந்ததை எழுதிவிடுகிறேன். ஆறு வருஷம் முன்பு அவன் தாயார் காலையில் இறந்துபோனாள். ஒருவருக்கும் சொல்லாமல் நேரே என் பள்ளிக்கூடத்துக்கு வந்து வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றான். என்னலே என்றேன். "ஒண்ணுமில்ல, நீ சோலியப் பாரு" என்றான். வகுப்பு முடிந்தது. பசிக்கிறதென்று நான் கிளப்புக் கடைக்குப் போனேன், கூடவே வந்து உட்கார்ந்தான். நான் சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் சொன்னான், "அம்மா போயிட்டா மாசி. நீ சாப்பிடாம இருந்துருவியோன்னு சொல்லல."

அதை எடுத்து நான் வேடிக்கையாக்கினேன். நாடகத்தில் நேசமுத்து ஜன்னலில் நிற்கிறான், பல் இளிக்கிறான், கடையில் இட்லியை அமுக்குகிறான், கை கழுவும்போதுதான் தாயார் செத்தது ஞாபகம் வருகிறது. சிரிப்பில் கொட்டகை இடிந்தது.

இதில் என் முட்டாள்தனம் என்னவென்றால் நகல் எடுக்க அவனிடமே கொடுத்தது. வேஷக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாடம் எழுத வேண்டும். என் கையெழுத்து எனக்கே விளங்காது. வெளியாள் யாரையும் நம்பவும் முடியாது. அவன் எப்போதும் பெருமையாகச் சொல்வான், "எழுதுறது கை, பாக்குறது கண்ணு, மண்டைக்குச் சோலியே கிடையாது. கொலைக் கேஸ் தீர்ப்ப காப்பி எடுத்துட்டு, தூக்கா விடுதலையான்னு எங்கிட்ட கேட்டா முழிப்பேன்." கோர்ட்டு நகல்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் சொல்கிறார்கள். நம்பிக் கொடுத்தேன். அவன் எழுதிக் கொண்டுவந்ததை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நாளில் முடித்தான். ஒன்றும் சொல்லவில்லை. மை தீர்ந்துபோச்சு என்று மட்டும் சொன்னான்.

ஜூலை 25, ஞாயிறு

காலை ஆராதனை. பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை. குருவானவர் இரண்டு தடவை என் பக்கம் பார்த்ததாகத் தோன்றியது. தோன்றல்தான்.

நேற்று இரண்டாவது தடவை நாடகம். தலைப்பாகை கட்டிப் பின் வரிசையில் நான். பக்கத்தில் அதே மாதிரித் தலைப்பாகையோடு அ.நா. முதல் அங்கத்திலிருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். மூன்றாம் அங்கத்திலும் சிரித்தான், என் முழங்காலில் தட்டித் தட்டி. நேசமுத்து இட்லியை விழுங்கும்போது அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

கடைசி அங்கம். கதாநாயகன் நேசமுத்துவின் தொல்லை தாங்காமல் செத்ததுபோல் நடிக்கிறான். நேசமுத்து அழவில்லை. குழி வெட்டுகிறவர்களிடம் போய், "கொஞ்சம் அகலமா வெட்டுங்க அண்ணாச்சி, ரெண்டு பேரு படுக்கணும்" என்கிறான். கூரை பறக்கிற மாதிரிச் சிரிப்பு. கதாநாயகன் பாடையிலிருந்து குதித்து ஓடுகிறான். இவன் பார்க்கவே இல்லை. குழிக்குள் இறங்கி, பக்கத்தில் இடம் விட்டு, ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறான். விளக்கு அணைகிறது.

குழியை அகலமாக வெட்டச் சொல்கிற வரியும் அந்தப் படுக்கையும் நான் எழுதினது இல்லை, என் நேசமுத்து நின்று அழுவான். முதல் தடவை கேட்டபோதே திடுக்கென்றது. வேஷக்காரர் சொந்தமாகச் சேர்த்திருக்கிறார். நாடகத்திலேயே நல்ல வரி அதுதான் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

வெளியே வரும்போது காதில் விழுந்தவை:
"சரியான அட்டைப் பூச்சி லே."
"எங்க மச்சான் இப்படித்தான்."
"நீரு சிரிச்சீரு, எனக்குச் சிரிப்பு வரல வே."
கடைசியில் பேசினவர் யார் என்று தேடினேன். கூட்டத்தில் தெரியவில்லை.

ஜூலை 27, செவ்வாய்

வெயில். ஆற்றில் தண்ணீர் கலங்கல், மலையில் மழை போலிருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு டவுனுக்குப் போனேன். அ.நா.வுக்குக் கோர்ட்டில் வேலை, அதனால் தனியே. மூன்றாம் அங்கத்தை எடுத்துவிட வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்கத்தான் போனேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே தலையாட்டினார், மாட்டேன் என்று.

"சனம் அதுக்குத்தான வருது வே. வார சனிக்கிழமை மூணாவது தடவை போடுதோம். நோட்டீஸ் ஒட்டியாச்சு."

பேச்சை மாற்ற, குழி வரியைச் சேர்த்த வேஷக்காரரைப் புகழ்ந்தேன்.

"அவரு சேத்தாரா? அந்த ஆளுக்குச் சொந்தமாத் தும்மக்கூடத் தெரியாது. உம்ம பாடத்துல இருக்கு, பாரும்."

பெட்டியிலிருந்து நகலை எடுத்துப் போட்டார். இருந்தது. அ.நா.வின் முத்துமுத்தான கையெழுத்தில். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

அங்கேயே பாயில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். அரைமணி நேரம் ஜன்னலில் நின்றதாக நான் எழுதினது, 'ஒரு மணி நேரம்' என்று மாறியிருந்தது. ஒரு மணி நேரம்தான். நான்தான் மறந்துவிட்டேன். 'நேசமுத்து இட்லி தின்கிறான்' என்று நான் எழுதின இடத்தில், 'நேசமுத்து சாப்பிடவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.'

"சாப்பிடாம இருந்தா எவன் சிரிப்பான்? நான்தான் தின்னச் சொன்னேன்," என்றார் பிள்ளை.

ஆக அவன் படித்திருக்கிறான். ஒவ்வொரு எழுத்தும் படித்திருக்கிறான். தெரிந்துகொண்டே நோட்டு எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, தன்னை ஆற்றில் தள்ளச் சொன்னவர்களின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான்.



ஜூலை 28, புதன்

காலையில் வாசலில் நின்றான். சொல்ல வாயெடுத்தேன். "ராத்திரி சரியாத் தூங்கலியா, கண்ணு உள்ள போயிருக்கு" என்றான். பள்ளிக்கூடம் வரை கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டு போனோம்.

ஜூலை 29, வியாழன்

சொல்லவில்லை. கோழை.

எஸ்தர், "என்ன, ரெண்டு நாளா பேயடிச்சாப்புல இருக்கீங்க?" கணக்குப் பரீட்சை என்றேன்.

உபதேசியார் வந்தார். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை. சனிக்கிழமை மாலை ஆயத்தக் கூட்டம். வழக்கம்போல் பந்திக்கு வருகிறவர்கள் பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் தீர்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனை, அதுவும் வாத்தியாராக இருந்தால், குருவானவர் கூப்பிட்டு யாரோடு என்ன என்று கேட்பார். கேட்டால் நாடகம் வெளியே வரும்.

"உம்ம பேரும் அருமைநாயகம் பேரும் சேத்துத்தான எழுதணும்? பதிவா அப்படித்தான?" என்று சிரித்தார். சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 30, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மாலை, ஆற்றங்கரை. மருத மரத்துக்குக் கீழே. துணி துவைக்கிறவர்கள் போன பிறகு.

"லே அருமை, அந்த நாடகம்..."

"மூணாவது அங்கமா?" என்றான். நான் முடிக்குமுன்.

"உனக்குத் தெரியும்."

"நான்தான காப்பி எடுத்தேன்."

"மண்டைக்குச் சோலி கிடையாதுன்னு சொல்லுவியே."

"மத்தவன் எழுதினதுக்குக் கிடையாது. நீ எழுதினது."

"ஏன் லே ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ கேக்கலியே."

கோபம் வரவில்லையா என்று கேட்டேன். ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டான். "முதல் அங்கம் எழுதுதப்ப வந்துச்சு. பேனாவ வச்சிட்டேன். ரெண்டாவது அங்கத்துல, பரவால்ல, இம்புட்டு நாளா நம்மள இவ்வளவு கவனிச்சிருக்கானேன்னு பட்டுது. எம்மேல யாரு மாசி இத்தன பக்கம் எழுதப் போறா?"

குழி வரியைப் பற்றிக் கேட்டேன். "நீ எழுதின முடிவு சப்புன்னு இருந்துச்சு. நேசமுத்து நின்னு அழுதான். அவன் அழ மாட்டான்" என்றான்.

நான் அழுதுவிட்டேன். தப்பு, பெரிய தப்பு, மன்னிச்சிரு என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் மூச்சு விடாமல் அடுத்ததையும் கேட்டேன், நாளைக்குப் பேர் கொடுத்துவிடட்டுமா என்று. இதை எழுதும்போது கை கூசுகிறது.

இன்னொரு கல்லை எடுத்தான், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"சரி. மன்னிச்சிட்டேன். குடு."

திரும்பும்போது அவன் பேசவில்லை. எனக்கு அது உறைக்கக்கூட இல்லை. அவ்வளவு லேசாக இருந்தது நெஞ்சு. இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

ஜூலை 31, சனி

தூறல். கொக்கி வாங்கி மாட்டியாயிற்று. எஸ்தருக்கு ஒரு முழம் பிச்சிப்பூ.

ஆயத்தக் கூட்டம். பாவமன்னிப்புக் கேட்கிற ஐம்பத்தோராம் சங்கீதம் வாசித்தார்கள். உபதேசியாரிடம் இரண்டு பேரையும் கொடுத்தேன். மனத்தாங்கல் ஏதும் உண்டா என்று குருவானவர் பொதுவில் கேட்டபோது தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அ.நா. கூட்டத்துக்கு வரவில்லை. அவசர நகல் இருக்கிறது என்று மதியமே சொல்லியிருந்தான். தனியே நடந்து வீட்டுக்கு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்டு 1, ஞாயிறு

காலையில் வாசலில் அவன் இல்லை. நேரே கோயிலுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். அங்கேயும் இல்லை. என் பக்கத்தில் அவனுக்கு இடம் போட்டு வைத்தேன். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு. பிரசங்கம் முடியும் வரை வாசலையே பார்த்தேன்.

பந்திக்கு வரிசையாகப் போனோம். எழுந்து வெளியே போயிருக்கலாம். போயிருக்க வேண்டும். உபதேசியார் கையில் பேர்ச் சீட்டு. முழங்கால் போட்டேன். பக்கத்தில் ஓர் ஆள் இடைவெளி. "கொஞ்சம் நெருங்கி வாங்க" என்றார் உபதேசியார், பைய. அந்தப் பக்கத்து ஆள் நகர்ந்து வந்தார். இடைவெளி மூடியது. அப்பத்தை வாங்கினேன். பாத்திரத்தில் குடித்தேன். தொண்டையில் இறங்கியது.

ஆராதனை முடிந்து எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. "எங்க வே உம்ம ஜோடி?" தெரியவில்லை என்றேன். எஸ்தரைப் பின்னால் வரச்சொல்லிவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்தவன் சட்டைகூடப் போடவில்லை.

"உடம்புக்கு முடியலியா லே?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் வரல? உம் பேரு குடுத்திருக்கேனே."

"நேத்து நாடகத்துக்குப் போனேன்." நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வா என்று சொல்லவில்லை. பதினாலு வருஷத்தில் சொல்லாதது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு தடவையும் சிரிச்சேன். நீ பக்கத்துல இருந்த, நீ சந்தோசமா இருக்கணும்னு தோணுச்சு. நேத்து தனியா உக்காந்திருந்தேன். மூணாவது அங்கம் வந்துச்சு. எங்கம்மா செத்ததுக்கு அத்தன பேரும் சிரிக்காவ, மாசி."

கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"ஆத்தங்கரையில வாயால சொல்லிட்டேன், மன்னிச்சிட்டேன்னு. உள்ளருந்து வரல. வராம எப்படி அங்கன வந்து முழங்கால் போடுவேன்?"

"எப்ப வரும் லே?" இப்படி ஒரு கேள்வி. நான்தான் கேட்டேன்.

"தெரியல. வந்துச்சுன்னா நானே வாரேன். அதுவரைக்கும் நீ இந்தப் பக்கம் வராத."

திரும்பி இரண்டு எட்டு வைத்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"மாசி. இன்னிக்கு நீ வாங்கினியா?"

"வாங்கினேன்."

"சரி" என்றான். கதவைச் சாத்தினான். அடித்துச் சாத்தவில்லை.

வீட்டில் எஸ்தர் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், அண்ணன் ஏன் வரலியாம் என்று. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இன்றைய நாளில், அப்பம் வாங்கின அந்த வாயால்.

தனியா கிடப்பாங்களே என்று அவள் எழுந்து போய்க் கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றி, துவையலும் வைத்து, இதோ மேஜைமேல் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். சூடு ஆறுமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறாள்.